தவளையம்மாவின் கண்

தவளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று தவளையம்மாவின் காதுபட நான் சொன்னது, கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம். மேஜைக்கு மேஜை தவளை வைத்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். பானைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"எல்லாம் ஒண்ணா? இந்தக் கிளாஸ்ல முப்பது பேரு உக்காந்திருக்கீங்க. எல்லாரும் தாவணிதான் போட்டிருக்கீங்க. அதனால எல்லாரும் ஒண்ணா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இந்தா, இது கொஞ்சம் முரடு. நீ பேசுற பேச்சுக்கு இதுதான் சரி" என்று ஒரு தவளையை என் தட்டில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகும் அந்தத் தவளை என்னை இரண்டு முறை உதைத்தது.

திருச்சியில் நான் படித்த பெண்கள் கல்லூரியில், விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் அட்டெண்டர். நாற்பதைத் தாண்டிய வயது. ஒடிசலான உடம்பு. எப்போதும் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய புடவை. எல்லாரும் தவளையம்மா என்றோம், முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் காலையில் அதற்கு நேராகக் கட்டைவிரலை வைப்பார். அந்தப் பெயர் என்ன என்று மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முன்பு கல்லூரிக்குத் தவளை பிடித்துக் கொடுத்தது அவர் புருஷன். அவர் இறந்துபோன பிறகு, அதே பானையைத் தூக்கிக்கொண்டு இவர் வந்து ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். "பொம்பளை தவளை பிடிப்பாளா?" என்று அங்கிருந்த கிளார்க் கேட்டாராம். "அது தவளைக்குத் தெரியாதுங்களே" என்று இவர் சொன்னாராம். அந்தப் பதிலுக்காகவே பேராசிரியை இவரை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று சீனியர் மாணவிகள் சொல்வார்கள்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்தில் அவர் வீடு. விடியற்காலையில் வாய்க்காலில் இறங்கிப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விடுவார். மேலே கம்பி வலை. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவார். சாப்பிடும்போது பேச்சு எல்லாம் உள்ளே இருப்பவற்றோடு. "நீ ஏன் அவன் மேல ஏறி ஏறி உக்கார்ற? எடமா இல்ல?" என்பது போல.

நாங்கள் ஒரு முறை அவருக்குப் பரீட்சை வைத்தோம். தொட்டியிலிருந்து ஒரு தவளையை எடுத்து, பத்து எண்ணும் வரை அவர் முன்னால் பிடித்துக் காட்டினோம். பிறகு அவரைப் போகச் சொல்லிவிட்டு, அதன் வயிற்றில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து மறுபடி உள்ளே விட்டுவிட்டோம். ஐம்பது தவளையாவது இருக்கும். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "நேத்து காமிச்சது எது?" என்று கேட்டோம். அவர் வலையை நீக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தோ, அந்த மூலையில ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்குது பாரு" என்று ஒன்றைப் பிடித்து எங்களிடம் நீட்டினார். திருப்பிப் பார்த்தோம். பொட்டு இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"எப்படின்னா? உன் கூட்டாளியை ரோட்டுல பாத்தா உனக்கு எப்படித் தெரியும்?"

பி.யூ.சி.யில் இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். விரிவுரையாளர்கள் அவர்களைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியையே விட்டிருந்தார்கள். மூத்தவள் விலங்கியலில் கெட்டிக்காரி, இளையவளுக்குத் தவளையைக் கண்டால் வாந்தி வரும். செய்முறைத் தேர்வு அன்றைக்குத் தங்கையின் இடத்தில் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியை பெயரைக் கூப்பிட்டார், இவள் கையைத் தூக்கினாள், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தட்டு வைக்க வந்த தவளையம்மா நின்று, "என்ன கண்ணு, தங்கச்சி எடத்துல நீ உக்காந்திருக்கே? அவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

பேராசிரியை அவளை எழுப்பி வெளியே அனுப்பினார். அன்று சாயந்திரம் அந்தப் பெண் தொட்டிப் பக்கம் வந்து அழுதாள். "ஏன் ஆயாம்மா என்னைக் காட்டிக் குடுத்தீங்க?"

"காட்டிக் குடுக்கலை கண்ணு. நீ நீயா உக்காந்திருக்கும்போது உன்னைப் போயி அவளுன்னு எப்படி நெனைக்கிறது?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஒருத்தியை இன்னொருத்தி என்று நினைப்பது அவர் கண்ணுக்கு வராத காரியம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் தோற்றார். நான் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த மிதப்பில், எழுத்துத் தெரியாத யாரைப் பார்த்தாலும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிப்பேன். சாக்பீஸால் தொட்டிச் சுவரில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார். "சரி, இன்னைக்கு நீ ஜெயிச்சே."

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததற்கு அதுதான் காரணம். ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த ஸ்டாண்டில் அப்பாவுக்கு ஒரு குதிரை வண்டி. "எம் பொண்ணு காலேஜ்ல தவளை அறுக்குதுங்க" என்று சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோயிலுக்கு வந்த மடிசார் மாமிகள் அதைக் கேட்டுவிட்டு வண்டியில் கொஞ்சம் ஒதுங்கி உட்காருவார்களாம். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று சோதிக்க எங்கள் தெருவில் யாரும் இல்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பப்பட்டுப் பழகிவிட்டால், தெரியாது என்று சொல்லும் பழக்கம் போய்விடுகிறது.

மூன்றாம் வருஷம், ஒரு நாள் பேராசிரியை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தலைப்பிரட்டையின் குடலிலிருந்து எடுத்த செல்லின் உட்கருவை வைத்தார்கள். பெரும்பாலான முட்டைகள் வீணாகப் போயின. சில முட்டைகள் பிளந்து வளர்ந்து, வாலோடு நீந்தி, கடைசியில் தவளையே ஆகிவிட்டன. தகப்பன் இல்லாமல் பிறந்தவை. முட்டை தந்த தாயின் சாயலும் இல்லை. குடலைக் கொடுத்ததே அந்தத் தலைப்பிரட்டை, அதன் மறுபதிப்பு இவை. பேராசிரியை சொல்லி முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

தவளையம்மா குழாயடியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"குடல்லேருந்தா?"

"ஆமா. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி."

"அப்படி பத்துத் தவளை பண்ணினா, பத்தும் ஒண்ணாவா இருக்கும்?"

"அச்சு அசலா. உங்களாலகூட பிரிக்க முடியாது."

"கொண்டாரச் சொல்லு. பிரிச்சுக் காமிக்கிறேன்" என்றார். அவருக்கு அது ஒரு பந்தயமாகத்தான் பட்டது. இரண்டு தட்டு கழுவினார். மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "செத்துப்போன தவளைக்கு ஆவுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். "ஒரு துணுக்கு மிச்சம் இருந்தா போதும்" என்றேன்.

"மனுசருக்கு?"

"தவளைக்கு வந்தது மனுஷருக்கு வராதா? வரும். ரொம்ப நாளெல்லாம் ஆகாது" என்றேன். அந்த நிமிஷம் இங்கிலாந்தில் அந்தக் காரியத்தைச் செய்ததே நான்தான் என்பது போலப் பேசினேன்.

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளித் தாயத்து. குழந்தைகளுக்கு அரைஞாணில் கோத்துக் கட்டுவார்களே, அந்தச் சின்னக் குழல். இரண்டு பக்கமும் அரக்கு வைத்து அடைத்திருந்தது. கறுத்துப்போயிருந்தது.

"எம்மவளோடதுங்க. பாக்கியம்னு பேரு. ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டா. பத்து வருசம் ஆவப் போவுது. மண்ணுல வைக்கறதுக்கு முந்தி இதை மட்டும் இடுப்புலேருந்து அவுத்துக்கிட்டேன்."

அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"உள்ள கொடி இருக்குங்க. தொப்புள்கொடி. விழுந்தப்ப எங்க மாமியா எடுத்துக் காய வெச்சு இதுல போட்டாங்க. அவ உடம்புதானே? துணுக்கு இருந்தா போதும்னீங்களே. நீங்க படிச்சவங்க. புரொபசர் அம்மாகிட்டப் பேசி, அந்த ஊருக்கு எழுதிப் போட்டு, ஆவுமான்னு பாருங்க."

அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். அன்றைக்குத்தான் முதல்முறையாக நீங்க என்றார். அந்த ஒரு சொல் எனக்குச் சவுக்கடி மாதிரி இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாயத்தை வாங்கிக்கொண்டு, "பாக்கறேன்" என்றேன்.

அதை என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தேன். அவர் ஒரு நாளும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஆனால் நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்த்தபடி என் இடத்துக்குப் போய்விடுவேன். பிறகு மறுபடி வேலை செய்வார். 

கடைசியில் பேராசிரியையிடம், யாருக்கோ வந்த சந்தேகம் போலக் கேட்டேன். காய்ந்துபோன பழைய சதையிலிருந்து செய்ய முடியுமா, மேடம்?

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "காய்ந்தது காய்ந்ததுதான். உயிரோடு இருக்கிற செல் வேண்டும். அதுவும் இப்போது தவளையில்தான் நடந்திருக்கிறது. மனுஷர் பேச்சே இல்லை." நான் எழுந்திருக்கும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார். "அப்படி ஒரு நாள் வந்தாலும், போன ஆள் திரும்பி வந்ததாக ஆகாது. பிந்திப் பிறந்த இரட்டை, அவ்வளவுதான். உருவம் அதுவாக இருக்கும். ஆள் வேறு."

அன்று மத்தியானமே போனேன். தவளையம்மா தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தாயத்தை அவர் கையில் வைத்தேன். படிப்பில் முதல் மார்க் வாங்கியவளுக்கு ஒரு வாக்கியம் நேராக வரவில்லை.

"இது ஆகாது ஆயாம்மா. உசுரோட இருக்கிற சதை வேணும். எனக்கு அன்னைக்கே தெரியாது. தெரியாமயே சொல்லிட்டேன்."

அவர் தாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேராசிரியை சொன்னதையும் சொன்னேன். "அப்படியே நடந்தாலும் அது உங்க பாக்கியமா இருக்காது. அந்த இரட்டைப் பிள்ளைங்க மாதிரிதான். மொகம் ஒண்ணா இருக்கும், ஆள் வேற. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் கண்ணு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆளு வேறயாத்தான் இருப்பா. அது எனக்கு நல்லாத் தெரியும். நான் அவளைத் திருப்பிக் கேக்கலை."

"பின்ன?"

தூக்குவாளியை மூடினார். "எனக்கு அவ மொகம் மறந்துபோச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"சத்தம் இருக்கு. நடக்கிற நடை இருக்கு. என்னைக் கூப்புடுறது காதுலயே இருக்கு. மொகம் மட்டும் இல்ல. வருசத்துக்கு வருசம் கரைஞ்சுகிட்டே வந்து, இப்ப ஒண்ணுமே இல்ல. கண்ணை மூடினா உங்க கிளாஸ் பொண்ணுங்க மொகம் வருது. நேத்துப் புடிச்ச தவளை மொகம் வருது. பெத்தது வரமாட்டேங்குது. அது மாதிரியே ஒருத்தி இருந்தா, ஒரு தடவை பாத்துக்குவேன். அப்பறம் அவ எங்க வேணா போவட்டும், நல்லா இருக்கட்டும்."

ஐம்பதில் ஒன்றை அடையாளம் சொன்னவர். இரட்டையைப் பிரித்தவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை தெரியாததைக் கேட்டேன். "ஒரு போட்டோகூடவா இல்ல?"

"நம்ம வீட்ல யாரு போட்டோ புடிச்சா? பள்ளிக்கூடத்துல ஒரு தடவை எல்லாரையும் நிக்க வெச்சுப் புடிச்சாங்கன்னு வந்து சொன்னா. பெரிய வாத்தியாரு வேலையை விட்டுப் போறப்ப. அது அவருக்குன்னு எடுத்தது."

"அதைப் போய்க் கேட்டீங்களா?"

"நான் போயி என்னன்னு கேப்பேன்?"

அவர் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் அந்தப் பள்ளிக்கூடம். பத்து வருஷமாக அதன் வாசல் வழியாகத்தான் அவர் தவளைப் பானையோடு நடந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பாவை வண்டி கட்டச் சொன்னேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வாய்க்கால் ஓரத்தில் தவளையம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வண்டியில் ஏறும் முன்னால் குதிரையைப் பார்த்து, "இந்தக் குதிரைக்கு எடது பக்கம் பல்லு வலி" என்றார். "அதானே, ரெண்டு நாளா கொள்ளு தின்ன மாட்டேங்குது!" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வழி முழுக்க அப்பா அவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் அப்போது இருந்த தலைமை ஆசிரியர் என் கையிலிருந்த கல்லூரி நோட்டைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலி மேல் ஏறி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில் ஒன்றைக் கழற்றினார். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

மூன்று வரிசைக் குழந்தைகள். நடுவில் மாலையோடு ஒரு பெரியவர். ஒவ்வொரு முகமும் ஒரு புளியங்கொட்டை அளவு. அட்டையின் பின்புறத்தில் யாரோ வரிசை வரிசையாகப் பெயர்களை மையால் எழுதியிருந்தார்கள். நான் படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரிசையில் பாக்கியம் இருந்தாள்.

"இருக்கா. இடப்பக்கத்திலிருந்து..."

"சொல்லாத" என்றார். "நானே பாத்துக்கறேன்."

மறுபடி என்னை நீ என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

படத்தைத் திருப்பி வைத்தேன். பூதக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பழகியவர். முதல் வரிசையின் மேல் மெதுவாக நகர்த்தினார். இரண்டாவது. மூன்றாவது. திரும்பவும் முதலிலிருந்து. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாய்ப்பாடு முடிந்து நான்காம் வாய்ப்பாடு தொடங்கியது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

இரண்டாவது வரிசையில் ஓர் இடத்தில் கண்ணாடி நின்றது. விரலை வைத்தார். "இவதான்."

அட்டையைத் திருப்பி எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அது பாக்கியம் இல்லை. பாக்கியம் அவளிலிருந்து இரண்டு பிள்ளைகள் தள்ளி நின்றிருந்தாள்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பின்னால் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது. அந்த முகத்தையே மகளின் முகமாக வைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் ஒருத்தியை இன்னொருத்தி என்று நினைக்கத் தெரியாதவரிடம், தெரிந்தே வேறு ஒருத்தியைக் கொடுத்து அனுப்ப என்னால் முடியவில்லை.

"இல்ல ஆயாம்மா" என்றேன். அவர் விரலைப் பிடித்து இரண்டு முகம் தள்ளி வைத்தேன். "இவ."

அவர் குனிந்து பார்த்தார்.

"இவளா?"

"ஆமா."

"இந்தப் புள்ளையா?" அறிமுகமில்லாத யாரையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

"ஒரு பக்கம்தான் ரிப்பன் இருக்கு" என்றார் திடீரென்று.

நானும் பார்த்தேன். ஆமாம், ஒரு சடையில்தான் ரிப்பன் இருந்தது.

"இன்னொண்ணைக் காலையில போற வழியிலயே தொலைச்சுட்டா. சாயந்திரம் வந்து நிக்கிறா, ஒத்தை ரிப்பனோட. படம் புடிச்சாங்கம்மான்னு சொல்லிக்கிட்டே வர்றா. நான் அதைக் கேக்கலை. ரிப்பன் எங்கடின்னு முதுகுல ஒண்ணு வெச்சேன்." கண்ணாடியை இன்னும் கிட்டே இறக்கினார். "இந்தா, மூக்கைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறா பாரு. வெயிலு அவளுக்கு ஆவாது. இவதான். இவதான் கண்ணு. இதான் அவ மொகம்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தப் புளியங்கொட்டையை அப்படியே கண்ணுக்குள் இறக்கிக்கொள்கிறவர் போல, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வேறு ஓர் ஊரில் நான் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். அவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விடுமுறையில் போனபோது, அவர் வேலையை விட்டு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்து வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தங்கச்சி வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால் என்னிடம் பெயரும் இல்லை. கூட்டத்தில் நான் தெரிந்துகொள்ளாமல் கடந்து போனாலும் அவர் என்னைத் தெரிந்துகொள்வார். அந்த நம்பிக்கையில் பஸ் ஸ்டாண்டுகளில் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.

அன்றைக்கு ஜன்னலிலிருந்து நான் திரும்பியபோது, அவர் முதலில் விரல் வைத்த அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ பேரு என்ன?"

அட்டையைத் திருப்பினேன். "அந்தோணியம்மாள்."

"அந்தோணி" என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உன்னைப் போயி எம்மவளுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காத ஆத்தா." பிறகு கண்ணாடியை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். "இது?"

"சரோஜா."

"சரோஜா. அடுத்தது?"

வெளியே அப்பா இரண்டு முறை குரல் கொடுத்தார். தலைமை ஆசிரியர் வந்து வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார். நான் அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணி எண்ணிப் படித்தேன். மூன்று வரிசையும் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கண்ணாடியை நிறுத்தி, அந்த முகத்தை நன்றாகப் பார்த்து, பெயரை ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போனார்.